முதுகுக்குப் பின்னால் கட்டிய கை

தையல் கடைக்கு மேலே இருக்கும் அந்த அறையில் "தொடாதே" என்ற சொல்லுக்கு இடமில்லை. பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரிடம் டார்ச் மிஸ் முதலில் சொல்வதே அதுதான். மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள வாண்டுகள் அங்கே பேட்டரியையும் பல்பையும் இணைத்து விளக்கு எரிப்பார்கள். அட்டையில் ஒட்டகம் வெட்டி, மிஸ் பிடிக்கும் டார்ச் வெளிச்சத்தில் அதன் நிழலைத் தொங்கும் படுக்கை விரிப்பில் ஓடவிடுவார்கள். சாயங்களைக் கலந்து புது நிறம் கண்டுபிடித்து, அதைப் பக்கத்துத் தலையில் சோதித்துப் பார்ப்பார்கள். பாடம் என்று யாரும் சொல்வதில்லை, விளையாட்டு என்றுதான் பெயர். கீழேயிருந்து தையல்காரர் அவ்வப்போது குரல் கொடுப்பார்: "மிஸ், பாடம் நடத்துறீங்களா, வீட்டை இடிக்கிறீங்களா?" கேட்டுவிட்டு, மீந்த துணித் துண்டுகளைப் பையில் போட்டு மேலே அனுப்பியும் வைப்பார்.

ஒரு நாள் ஒரு அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். தன் மகள் சுவர்க் கடிகாரம் ஒன்றை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்ததும் மனிதருக்கு மூச்சே நின்றுவிட்டது.

"மிஸ்! அது ஓடுற கடிகாரம்!"

"ஓடாததைப் பிரிச்சா என்ன சார் தெரியும்?"

இந்தப் பதில் தெருத் தெருவாகப் பரவியது. வகுப்பில் இடமே கிடைக்காத அளவுக்குக் கூட்டம் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படிப்பட்டவரின் வீடு எப்படி இருக்கும்? சாப்பாட்டு மேசை முழுக்க மறுநாள் வகுப்புக்கான சாமான்கள். நீளம் பார்த்து நறுக்கிய ஒயர்கள், குட்டிப் பல்புகள், தலைக்கு ஒன்றாகப் பிரித்து வைத்த அட்டைகள். ஒன்று குறைந்தாலும் மறுநாள் ஒரு குழந்தை அழும். ஆகவே வீட்டில் ஒரே சட்டம்: "தொடாதே, கிளாஸுக்கு." மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் கணவர், தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டார். நான்கு வயது மகளோ, மேசையைக் கடக்கும்போதெல்லாம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பாள். வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். "என்ன அடக்கம்! எப்படிம்மா வளர்த்தே?" மிஸ்ஸுக்கு உச்சி குளிரும்.

மகளை வகுப்புக்கு அழைத்துப் போவதில்லை. தன் பிள்ளை கூட இருந்தால் ஊரார் பிள்ளைகள்மேல் கவனம் குறையும் என்பது அவர் கொள்கை. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கணவரின் அக்கா இருந்தார். அக்கா குளியலறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்ட பிறகுதான் மகள் முதல்முறையாகத் தையல் கடைப் படியேறினாள்.

அன்று விளக்கு விளையாட்டு. மற்ற பிள்ளைகள் பெட்டிமேல் பாய்ந்தார்கள். மகள் சுவரோரம் நின்றாள், கை பின்னால். வெட்கம் என்று நினைத்த மிஸ் ஒரு பல்பை நீட்டினார்.

"இந்தா, எரிய வை பாப்போம்."

"வேணாம்மா. கிளாஸுக்கு."

"இதுதாண்டி கிளாஸ்."

மகள் யோசித்தாள். அம்மா தன்னைச் சோதிக்கிறாள் என்று முடிவுகட்டினாள் போலும். நேராகப் போய், ஒட்டகம் வெட்டிக்கொண்டிருந்த பையனிடமிருந்து அட்டையைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்தாள். பக்கத்துச் சிறுமியிடமிருந்து ஒயரையும் பிடுங்கினாள்.

"தொடாதே! எத்தனை தடவை சொல்றது? கையை முறிச்சிடுவேன்!"

குரல்தான் நான்கு வயதுக் குரல். ராகம் அச்சு அசல் மிஸ்ஸுடையது.

ஒட்டகப் பையன் மெல்லக் கேட்டான்: "மிஸ்ஸுக்குத் திட்டத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்," என்றாள் மகள், கொஞ்சம் பெருமையாகவே.

எரிந்துகொண்டிருந்த பல்புகள் அணைந்தன. பிள்ளைகளின் கைகள் ஒவ்வொன்றாக முதுகுப் பக்கம் போயின. இடி விழுந்ததுபோல் என்று எழுதுவது வழக்கம். இடி விழுந்தால் சத்தமாவது கேட்கும். தையல்காரர் அலறியடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

"என்ன மிஸ், சத்தத்தையே காணோம்? யாருக்கு என்ன ஆச்சு?"

மிஸ் தன் மகளையே பார்த்தார். அந்த அறையிலேயே விளையாடத் தெரியாத ஒரே குழந்தை, அவர் பெற்றது.

மாலை வீட்டுக்கு வந்ததும் பெட்டிகளையெல்லாம் தரையில் கவிழ்த்தார். "எதை வேணாலும் எடுடி கண்ணு." தண்டனை என்று நினைத்து மகள் அழுதாள். கணவர் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு பல்பை எடுத்துக் காட்டினார். "அப்பா, வெச்சிடுங்க! மாட்டிக்குவீங்க!" என்று அவரையும் காப்பாற்றப் பார்த்தாள். வாரக்கணக்கில் இதே கதை. பெட்டிகள் திறந்தே கிடந்தன. அவள் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

பிறகு ஒரு விடுமுறை நாளில், சமையலறையிலிருந்து வெளியே வந்த மிஸ் வாசற்படியிலேயே உறைந்துபோனார். கூடத்தின் நடுவில் சுவர்க் கடிகாரம் மல்லாந்து கிடந்தது. கணவரின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவர் மகள் கையில்.

"ஐயையோ! அது ஓடுற கடிகா..."

கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "ஓடாததைப் பிரிச்சா என்ன மிஸ் தெரியும்?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். ஸ்க்ரூடிரைவர் பாதியில் நின்றது. அவளுடைய இன்னொரு கை மெல்ல முதுகுப் பக்கம் நகரத் தொடங்கியது.

மிஸ் வாயை மூடிக்கொண்டார். ஆனால் பழக்கதோஷம், கை கடிகாரத்தை நோக்கி நீண்டுவிட்டது. அவசரமாக அதை இழுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அதைக் கழட்டினா என்னடி ஆகும்?" என்றார்.

"தெரியலையே," என்றாள் மகள். மறைந்துகொண்டிருந்த கை திரும்பி வந்து கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டது. நொடிமுள் கழன்று தரையில் விழுந்தது.