ராஜா ஏற்றிக் கொடுத்த இரண்டு படி

பிராம்ப்டர் என்பவன் நாடகத்தில் எல்லோருடைய வசனத்தையும் பேசுகிறவன். ஒருவர் கண்ணிலும் படக்கூடாதவன். அதிகாரி கூட்டத்தில் திருதிருவென்று முழிக்கும்போது பின்னால் நின்று பதிலை முணுமுணுக்கும் குமாஸ்தாக்களே, சம்பந்தி வீட்டார் முன்னால் கணவர் பேச வேண்டியதைக் கண்ணாலேயே சொல்லிக் கொடுக்கும் அம்மணிகளே, உங்களுக்கு என் பிழைப்பு புரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆட்சி மாறிய புதிதில், மேடையில் பேசியவர்களும் நடித்தவர்களும் கோட்டைக்கே போய்விட்டார்கள் என்ற உற்சாகத்தில், தஞ்சாவூருக்கென்று ஒரு பொது நாடகக் குழு வேண்டும் என்று ஊரில் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தது எங்கள் குழு. நகர சபை ஒரு தகரக் கொட்டகையை ஒதுக்கிக் கொடுத்தது. ஏழு பேர், மூன்று நாடகம். ஒரு வாரம் ராஜா கதை, அடுத்த வாரம் மிராசுதார் திருந்துகிற சமூக நாடகம், அதற்கடுத்த வாரம் கல்யாணத் தரகர் நகைச்சுவை. பிறகு மறுபடியும் ராஜா. மூன்றையும் எழுதியவர் ஒரே ஆள், கோர்ட்டில் டைப் அடிப்பவர். தனக்குப் பிடித்த வாக்கியங்களை மூன்றிலும் தாராளமாகப் போட்டிருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததால்தான் பட்டேன்.

நான் சொல்லப்போகிற வருஷத்தில் கொள்முதல் நெல்லை அடுக்க இடமில்லாமல் ஊரே தவித்தது. சபையில் சிலருக்கு எங்கள் கொட்டகை மீது கண். "குழு மேல ஒரு புகார் வரட்டும், அன்னைக்கே மூட்டையை இறக்கிடலாம்" என்று பேசிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் செயலாளர் தர்மலிங்கம் ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் வாசலில் கைகூப்பி நிற்பார். கரைவேட்டி, சைக்கிள் கடை, தங்கமான மனுஷன். வெளியே போகிற ஒவ்வொருவரிடமும், "குறை ஏதும் இல்லீங்களே?" என்று கேட்பார். கொட்டகை போனால் அவருக்குச் சைக்கிள் கடை இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. அச்சாபீஸில் புரூஃப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வந்தவன் நான். நாற்பத்திரண்டு வயதில் இனி எங்கே போய் நிற்பது என்ற பயம் எப்போதும் கூடவே இருந்தது.

நாற்று யாரையும் வெட்டாது

நாடகம் போட வேண்டுமானால் நோட்டைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாத ஒரு வரி மேடையில் வரக்கூடாது. கூலிச் சண்டை நடக்கும் காலம் வேறு. கீழத்தஞ்சையில் நடந்தவற்றில் சிலவற்றை இப்படிச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு மனம் வராது. எனவே சப் இன்ஸ்பெக்டர் சிவப்பு மையைத் தாராளமாகச் செலவழித்ததில் எனக்குக் கோபமில்லை.

சமூக நாடகத்தில் ஓர் அறுப்பு சீன் உண்டு. எங்கள் கதாநாயகி கமலவேணியும் இன்னும் இரண்டு பேரும் அரிவாளோடு வந்து பாடுவார்கள். சப் இன்ஸ்பெக்டர் அரிவாள் என்ற சொல்லை வரும் இடமெல்லாம் வட்டம் போட்டு அடித்துவிட்டார். "சார், அரிவாள் இல்லாம எப்படி சார் அறுக்கிறது?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதான் என்பதுபோல் தலையாட்டினார். பிறகு நோட்டை மூடி என்னிடம் நீட்டினார்.

"அறுப்ப எடுத்துட்டு நடவு சீனா வச்சுக்கங்க. நாத்து யாரையும் வெட்டாது."

அரண்மனைக்கு வந்த லெட்டர்

எங்கள் குழுவின் ராஜா, மிராசுதார், கல்யாணத் தரகர் மூவரும் ஹமீது பாய்தான். கீழவாசலில் குடைக்கடை வைத்திருந்தார். ஆறடி உயரம், கணீரென்ற குரல், கிரீடம் வைத்தால் பிறவியிலேயே ராஜா. ஞாபகம் மட்டும் கிடையாது. முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொல்றத நான் சொல்லிடுவேன் சார். யோசிக்க மாட்டேன். யோசிச்சா கெட்டுப்போயிடும்" என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர்.

ஒரு சனிக்கிழமை தஞ்சாவூர்க் கொட்டகையில் ராஜா கதை. எனக்குத் தும்மல் வந்துவிட்டது. தும்மி முடிப்பதற்குள் சிம்மாசனத்தில் இருந்த பாய் பொறுமையிழந்து தானாகவே யோசித்து, முந்தின வார நாடகத்திலிருந்து ஒன்றை எடுத்துவிட்டார். "தபால்காரர் வந்தாரா? பையன்கிட்டேருந்து லெட்டர் உண்டா?" மந்திரியாக நின்ற ஆள் நல்ல வேளையாகச் சுதாரித்துக்கொண்டு, "ஓலை இன்னும் வரவில்லை மன்னா, வழியில் வெள்ளம்" என்றார்.

நாடகம் முடிந்ததும் தர்மலிங்கம் வாசலில் கைகூப்பி நின்றார். நானும் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். வாரம் தவறாமல் வரும் ஒரு பெரியவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, அவர் தோளைத் தட்டிச் சொன்னார்:

"ராஜா காலத்துலேயே தபால் லேட்டுதானா? நாந்தான் அனாவசியமா போஸ்ட்மேனைத் திட்டிக்கிட்டிருக்கேன்."

உள்ளே இருக்கிறவரை வெளியே கூப்பிடுங்க

வலங்கைமானில் மைக் படுத்துவிட்டது. ஹமீது பாய்க்குச் சளியில் காதும் அன்றைக்கு அடைத்திருந்தது. அவருக்குக் கேட்கட்டும் என்று நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. ஊருக்குக் கேட்டது. நான் அழுகிற வசனத்தை அழுதபடியே எடுத்துக் கொடுப்பவன். அது என் பலவீனம். தரையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள், நடவு முடிந்து சேறு காயாத காலோடு வந்தவர்கள், மேடையை விட்டுவிட்டு நான் மறைந்து நின்ற பக்கத்துத் தட்டியையே பார்க்க ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது சீனில் ஓர் அம்மாள் எழுந்தே விட்டார். கமலவேணி மேடையில் உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கையமர்த்திவிட்டு அந்த அம்மாள் சொன்னதை, கமலவேணி பிறகு ஒரு மாதம் எனக்குச் சொல்லிக்காட்டினாள்.

"நீ செத்த இரு தாயி. உள்ளாற ஒருத்தர் நல்லா அழுவுறாரு, அவர வெளியில வரச் சொல்லு."

இரண்டு படி

இனி வருவதுதான் நான் பட்ட கதை.

புரட்டாசி மாதம், கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கிராமம். பஞ்சாயத்தார் நாடகத்துக்கு எப்போதோ எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நாங்கள் போய் இறங்கியபோது அந்த ஊரில் மூன்று வாரமாக வேலைநிறுத்தம். குறுவை நெல் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது, ஒருவரும் வயலில் இறங்கவில்லை. அறுத்தடிக்கும் ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் ஒரு படி கூலியைக் கூட்டித் தரவேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை. ஒரு மணிகூடக் கூட்ட மாட்டேன் என்பது மிராசுதாரின் பதில். அவர் இறங்கி வந்தால் மானம் போய்விடும், இவர்கள் இறங்கி வந்தால் வயிறு போய்விடும். கிழக்கே மேகம் வேறு திரண்டுகொண்டிருந்தது. ஒரு மழை பெய்தால் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை.

அந்த ஊரில் சமூக நாடகம் போட நாங்கள் பைத்தியமா? "ராஜா கதை போதும். ராஜாவால யாருக்கும் சண்டை வராது" என்றார் தர்மலிங்கம். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்தோம். வலப்பக்கம் நாற்காலிகளில் மிராசுதாரும் அவரைச் சேர்ந்தவர்களும். இடப்பக்கம் தரையில் கூலிக்காரக் குடும்பங்கள், முன்னால் சங்கத்து மாணிக்கம். நடுவில் மாட்டு வண்டி போகிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. மேடையோரம் ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு, எங்கள் நோட்டின் முத்திரையைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

எங்கள் ஏழு பேர் குழுவில் படுதா இழுப்பதும் பிராம்ப்டர் வேலைதான். தர்பார் சீனுக்கு முன் நோட்டைப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் படுதாவை இழுத்தேன். திரும்பி வந்து எடுத்தது, அதே காக்கி அட்டை போட்ட சமூக நாடக நோட்டு. மறுநாள் ஒத்திகைக்காகக் கடைசிக் காட்சியில் பஸ் டிக்கெட் செருகி வைத்திருந்தேன். அந்த இடத்தைத் திறந்தேன். மேடையில் வெள்ளத்தில் பயிரிழந்த குடியானவர்கள் ராஜாவின் காலடியில் விழுந்து, "ஐயா, எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள்!" என்றார்கள். என் நோட்டிலும் அதே வாக்கியம் இருந்தது. சொன்னேனே, டைப் அடிப்பவருக்குப் பிடித்த வாக்கியங்கள் என்று. அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தேன். ஹமீது பாய் யோசிக்கவில்லை. கிரீடத்தோடு எழுந்து, செங்கோலை நீட்டி, கீழ்வேளூர் வரை கேட்கும்படி முழங்கினார்:

"கலத்துக்கு இரண்டு படி கூலி உயர்த்தினேன்! நாளைக்கே அறுப்புக்கு இறங்குங்கள்!"

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இடப்பக்கம் விசில் பறந்தது. வலப்பக்கம் நாற்காலிகள் நகர்கிற சத்தம். கொட்டகையில் நெல் மூட்டையை அடுக்குவது என் கண் முன்னால் தெரிந்தது. கொட்டகை கிடக்கட்டும், இங்கே யாருக்காவது மண்டை உடைந்தால் அந்தப் பாவம் என் தலையில்தான் என்று நினைத்துப் படுதாக் கயிற்றை எட்டிப் பிடித்தேன்.

மிராசுதார் எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது.

"யோவ் ராஜா! யாரைக் கேட்டுய்யா ரெண்டு படின்னே? ஒரு படிக்கு மேல ஒரு மணி பேராது!"

மாணிக்கம் மெதுவாக எழுந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மிகவும் பணிவாகக் கேட்டார்: "அப்ப ஒரு படி உண்டுங்களா ஐயா?"

மிராசுதார் சுற்றிலும் பார்த்தார். சொன்னதை ஊரே கேட்டிருந்தது. முதலில் சிரித்தது நாற்காலிப் பக்கத்திலிருந்த அவருடைய மனைவி. பிறகு தரையில் ஒருவர், பிறகு எல்லோரும். கிழக்கே ஓர் இடி இடித்தது. "உண்டுய்யா, உண்டு. காலையில ஆளோட வந்து சேரு" என்று சொல்லிவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார். கையில் துண்டோடு மாணிக்கம் அழுதுகொண்டிருந்தார். நானும் தட்டிக்குப் பின்னால் அழுதேன். இந்தத் தடவை நோட்டில் அழுகை எழுதியிருக்கவில்லை.

அதோடு முடிந்ததா? ராஜா கதை நோட்டில் இல்லாத வரியை மேடையில் விட்டிருக்கிறேன். இரண்டு நோட்டுகளையும் கையில் பிடித்துக்கொண்டு ஏட்டுக்கு முன்னால் போய் நின்றேன். தர்மலிங்கம் எனக்குப் பின்னால் நின்று கைகூப்பி, வழக்கமான கேள்வியைக்கூடக் கேட்க மறந்துவிட்டார். ஏட்டு இரண்டு நோட்டையும் புரட்டினார். இரண்டிலும் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை இருந்தது. அடுக்கி என்னிடமே கொடுத்தார்.

"முத்திரை போட்ட நோட்டுல இருக்கறதத்தான் சொன்னாரு. எந்த நோட்டுன்னு நான் பாக்கல."

வெள்ளை வேட்டியில் வந்த புகார்

பத்து நாள் கழித்து ஒரு முற்பகலில் அந்த மிராசுதார் தஞ்சாவூர்க் கொட்டகை வாசலில் காரிலிருந்து இறங்கினார். தர்மலிங்கம் ஓடிவந்து என்னிடம், "வந்துட்டாருய்யா. சபைக்குப் போற வழியில இறங்கியிருக்காரு" என்றார். நான் நோட்டுகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டேன். கமலவேணி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, தகரக் கூரையை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். அறுப்பு முடிந்ததா என்று கமலவேணிதான் தைரியமாகக் கேட்டாள். முடிந்ததாம். கடைசிக் கட்டு களத்துக்கு வந்த மறுநாள்தான் மழை பிடித்ததாம்.

"அந்த ரெண்டு படிய எழுதித் தந்த ஆசாமி யாரு?" என்று கேட்டார். நான் எழுதவில்லை, எடுத்துக் கொடுத்தது மட்டும்தான் என்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து, வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"புகார் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என்னன்னு எழுதறது? ராஜா வேஷம் போட்டவன்கிட்ட பேரம் பேசி நானே ஒத்துக்கிட்டேன்னா எழுத முடியும்?"

கார் கிளம்பிப் போனது. தர்மலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஹமீது பாய் எதிர்க்கடையிலிருந்து சர்பத் வரவழைத்தார். கொள்முதல் நெல்லை வேறு எங்கோ அடுக்கினார்கள். எங்கள் கொட்டகையில் அடுத்த சனிக்கிழமையும் படுதா ஏறியது. நான்தான் இழுத்தேன், நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

பன்னிரண்டு வருஷம் சரியாக எடுத்துக் கொடுத்த வசனங்களுக்கெல்லாம் யாரும் என்னை ஏறிட்டுப் பார்த்ததில்லை. தப்பாக எடுத்துக் கொடுத்த ஒன்றுக்கு ஓர் ஊரே அறுப்புக்கு இறங்கியது.