தட்டின் இடப்பக்கம்

"மேடம் பூட்டாங்க சார். ஹார்ட் அட்டாக்காம்" என்று வார்டு அட்டெண்டர் ஏழுமலை போனில் சொன்னபோது, ஒரகடம் சிக்னலில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அட, இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவது!

மருத்துவ உளவியலாளர் சுகந்தி மேடத்தோடு வேலை பார்த்த உங்களுக்கு முருகேசனை நினைவிருக்கும். இராமநாதபுரத்துக்காரன், வடக்குப்பட்டில் நண்பர்களோடு அறை எடுத்திருந்தான். தொழிற்சாலை லைனில் வேலை பார்க்கும்போது கிரேன் கொக்கி தலையில் அடித்தது. சில மாதங்களில் சூப்பர்வைசரை ஸ்பேனரால் தாக்கிய வழக்கு. விசாரணையைப் புரிந்துகொள்ளும் தெளிவு இவனுக்கு இருக்கிறதா, நடிக்கிறானா என்று பார்க்கச் சொல்லி, சிறையிலிருந்து அவனை எங்கள் வார்டுக்குக் கோர்ட் அனுப்பியது.

படங்களைக் காட்டிவிட்டு, பார்த்ததையும் பார்க்காததையும் இரண்டிரண்டாக வைத்து, எதைப் பார்த்தாய் என்று கேட்கும் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாகிவிடும். அவன் சொன்னது ஏறக்குறைய எல்லாமே தப்பு. சரியானது தெரிந்தால்தானே அத்தனையும் தப்பாகச் சொல்ல முடியும்?

"நடிப்புதான் மேடம், முடிச்சிடலாம்" என்றேன்.

"நடிக்கிறவனுக்கு அடிபட்டிருக்காதுன்னு யார் சொன்னது? இருய்யா, சாப்பாடு வரட்டும்."

தட்டு வந்தது. வலப்பக்கச் சோற்றை வழித்துத் தின்றவன், "இன்னுங் கொஞ்சம் வைங்கண்ணே, பசிக்கிது" என்றான். இடப்பக்கம் சோறு அப்படியே இருந்தது.

"இன்னா ஆக்டிங் வுடறான் பாருங்க! தட்டுல சோறு அப்டியே கீது, இன்னும் கேக்கறான்" என்று ஏழுமலை சிரித்தார்.

மேடம் சிரிக்கவில்லை. தட்டை மெல்லத் திருப்பி வைத்தார். யாரோ புதிதாகப் பரிமாறியதுபோல, "நல்லாருப்பீகம்மா" என்று மிச்சத்தையும் தின்றான். ஸ்கேனிலும் மூளையின் வலப்பக்கம் காயம் தெரிந்தது; அங்கே அடிபட்டால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்துக்கு வராமல் போகலாம்.

சோதனையில் ஏன் தப்பாகச் சொன்னாய் என்று மேடம் கேட்டதும் அழுதுவிட்டான். "ரூம்ல அண்ணமாருக சொன்னாகம்மா, தெரியும்னு காட்டிக்கிட்டா ஜெயில்தான்னு." பாதித் தட்டை மறக்க அவர்கள் சொல்லித்தரவில்லை.

மேடம் அறிக்கையில் இரண்டையும் எழுதினார். பொய் முதலில், காயம் பிறகு. கோர்ட்டில் முதல் வரிதான் சத்தமாக வாசிக்கப்பட்டது. முருகேசன் மறுபடி சிறைக்குப் போனான்.

அதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. போன வாரம்கூடப் புலம்பினார்: "பொய் கண்ணுக்கு முன்னாடியே இருந்துது, முன்னாடி எழுதிட்டேன். தேடிக் கண்டுபிடிச்சதத்தான்யா முதல்ல எழுதியிருக்கணும்."

முருகேசனுக்கு மறுபரிசோதனை வருகிறது. இம்முறை எழுதப்போவது நான். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தட்டைத் திருப்பிய கைதான். அறிக்கையையும் அப்படியே திருப்பி வைப்பேன். முதல் வரியில் காயம் இருக்கும்.