ஏலத்தின் நடுவில் நின்ற பேச்சு

தணிகாசலம் சித்தூர் வெல்ல மண்டியில் ஏலம் கூறுகிறவர். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றி விலை கூவினால் மண்டியின் மறுகோடிவரை கேட்கும். 1980 தை மாதத்தில் ஒருநாள் அந்தக் குரல் பாதியில் நின்றது. அடுத்த விலை அவருக்குத் தெரிந்திருந்தது, வாய்க்கு வரவில்லை. உதட்டின் வலது ஓரம் வெட்டி வெட்டி இழுத்தது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அதற்குள் வியாபாரிகள் சிரித்துவிட்டார்கள்.

காலையிலேயே போட்டுவிட்டு வருகிறாயா என்று முதலாளி கேட்டார். தணிகாசலம் கள்ளைக்கூடத் தொடாதவர். வாயை மோந்து பார்க்கச் சொன்னார். முதலாளி மோந்து பார்த்தார், அப்போதும் நம்பவில்லை.

அந்த இழுப்பு திரும்பத் திரும்ப வந்தது. உள்ளூர் டாக்டர் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் பகலெல்லாம் தூக்கம். மூட்டைமேல் சாய்ந்து தூங்கியவரைப் பார்த்து முதலாளியின் சந்தேகம் உறுதியானது. பிறகு காலைத் தலைவலி. பித்தம் என்றார் ஒருவர்; கண்ணாடி போடச் சொன்னார் இன்னொருவர்.

மனைவி அலர்மேல்மங்கை திருமலைக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டாள். அவள் மலையேறி இறங்கும்வரை அவர் அலிபிரியில் உட்கார்ந்திருந்தார். அவள் வந்து பார்க்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அப்படியே திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

அங்கே நாகபூஷணம் டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மூளையில் கட்டி இருக்கலாம், மெட்ராஸில் ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்றார். மெட்ராஸ் படத்தில் இடதுபக்கம் ஒரு வளையம், அதைச் சுற்றி வீக்கம். புற்றாகவும் இருக்கலாம், டி.பி.யாகவும் இருக்கலாம், படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்றார் அங்கிருந்த சர்ஜன். இடம் பேச்சுக்கு உரியது. அறுத்தால் பேச்சே போகலாம்.

"இன்னா கட்டின்னே தெரியாம எப்டி சார் அறுப்பீங்க?" என்றார் தணிகாசலம்.

"அறுத்தாத்தான் தெரியும்."

படத்தைச் சுருட்டிக்கொண்டு திருப்பதிக்குத் திரும்பினார். நாகபூஷணம் டி.பி. என்றே சந்தேகப்பட்டார். தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. சளி இல்லை, நெஞ்சுப் படமும் சுத்தம்.

"இருமலே இல்லாம இன்னா சார் டி.பி.? ஆளுக்கொண்ணு சொல்லிக்கினு கீறீங்க."

அந்தக் கிருமி ரத்தத்தோடு போய் எங்கே வேண்டுமானாலும் தங்கும் என்று டாக்டர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே அவர் கழுத்தைத் தடவினார். ஒரு சின்ன நெறிக்கட்டி விரலில் பட்டது. அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். டி.பி.தான். தலையில் இருப்பதும் அதுவே என்று இதனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது; ஆனாலும் அறுக்குமுன் மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

திருப்பதியிலேயே தங்கி, தினமும் ஊசி, கைநிறைய மாத்திரை. சிறுநீர் சிவப்பாகப் போனது. வீக்கம் குறைக்கும் மாத்திரையில் முகம் ஊதியது. ஆரம்பத்தில் வலிப்பு கூடத்தான் செய்தது. எல்லாவற்றையும் வீசிவிடப் போகிறேன் என்றார்.

"நீ நிறுத்துனா நான் சித்தூருக்கு வரல. இங்கியே ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்துக்குவேன்" என்றாள் அலர்மேல்மங்கை. அவர் மாத்திரையை விழுங்கினார்.

சில மாதங்களில் வளையம் பாதியானது. ஒன்றரை வருஷ மருந்து முடிந்தபோது ஒரு வெள்ளைப் புள்ளிதான் மிச்சம். டாக்டர் படத்தை ஜன்னலில் பிடித்து மகிழ்ச்சியோடு காட்டினார்.

"படம் நல்லாயிட்ச்சின்னு சொல்லுது. நாக்கு சொல்லலியே, சார்."

இன்னும் சில சொற்கள் வாயில் சிக்கின. அந்தப் புள்ளி தழும்பு, அது போகாது, வலிப்பு மாத்திரையை விடாமல் போடுங்கள் என்றார் டாக்டர்.

ஏலத்துக்கு வேறு ஆள் வந்திருந்தான். தணிகாசலத்துக்குத் தராசடியில் வேலை கிடைத்தது. என்ன நோய் என்று கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னார். மறுநாள் மண்டித் தண்ணீர்ப் பானையருகே அவருக்கென்று தனி டம்ளர் இருந்தது. மூளையில் வந்தது ஒட்டாது, இப்போது அதுவும் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் விளக்கினார். தலையாட்டிக் கேட்டார்கள்; டம்ளர் அங்கேயே இருந்தது. வாரக்கடைசியில் அதை எடுத்து முதலாளி மேஜைமேல் வைத்துவிட்டு, வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார்.