சிலையோடு தப்பிய வேடியப்பன்

கடைசிக் காட்சியில் போலீசிடம் மாட்டுகிற வில்லனை யாருக்கு ஞாபகம் இருக்கிறது? தப்பித்துப் போனவன்தான் நம்மோடு வீடு வரைக்கும் வருகிறான். இதை நான் ஜவ்வாது மலை முழுக்கச் சொல்லித் திரிந்தவன். அப்படி ஒருவர் என் அக்கா வீட்டிலேயே இருப்பார் என்று நினைக்கவில்லை.

அக்கா ரேணுகாதேவியின் கணவர் வேடியப்பன். மலையிலிருந்து போளூருக்குப் புளி மூட்டை ஏற்றிப் போகும் ஜீப் அவருடையது. முறுக்கு மீசை, சிவந்த கண், பார்த்தால் பயம் வரும். ஆனால் வீட்டில் கோழி அறுத்தால் ஜீப்பைத் துடைக்கிற சாக்கில் வெளியே போய்விடுவார். போன வருஷம் சினிமாக்காரர்கள் அந்த ஜீப்பை வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். வில்லனாக நடிக்க வந்தவர் மலை வளைவுகளில் வாந்தி எடுத்தே படுத்துவிட்டார். டைரக்டர் மாமாவின் மீசையைப் பார்த்தார். அவ்வளவுதான்.

படத்தில் மாமா கோயில் சிலையைத் திருடி ஜீப்பில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுக் காட்டுக்குள் மறைகிறார். படம் முடிந்துவிடுகிறது. ஊரே செல்போனில் பார்த்தது. நான் விசில் அடித்தேன்.

ஆடித் திருவிழா வந்ததும் பிரச்சினையும் வந்தது. எங்கள் ஊரில் அம்மனைத் தோளில் சுமக்கும் முறை வீட்டுக்கு வீடு மாறி வரும். மாமா கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்த முறை இந்த வருஷம்தான். ஆனால் தப்பு செய்தவன் ஊர்க் கூட்டத்தில் விழுந்து கும்பிட்டு, ஊருக்குச் சோறு போடும்வரை சாமியைத் தொடக் கூடாது என்பது கட்டுப்பாடு. பக்கத்து வீட்டு பாஞ்சாலை அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நடிப்புதான்க்கா அது," என்றார் மாமா.

"எனக்குத் தெரியாதா? ஆனா சிலையைத் தூக்கினு சிரிச்சியே, அது கண்ணுலயே நிக்குது. நீ அம்மனத் தூக்கினு வந்தா நான் எப்பிடிப்பா கும்புடுவேன்? படத்துல ரெண்டு ஒதையாவது வாங்கியிருக்கலாம்."

மற்ற பெண்களும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் காலையில் ஊர்த்தலைவர் ராஜாக்கண்ணு வீட்டு முன்னால் போய் நின்றார்.

"கூட்டம் போடுங்க. படத்துல தப்பிச்சிட்டேன். நீங்களாவது புடிச்சிக்குங்க."

ராஜாக்கண்ணு சிரிக்காமல் கூட்டம் போட்டார்.

"ஏம்ப்பா திருடின?"

"டைரக்டர் சொன்னாருங்க."

"ஆரு சொன்னாலும் திருடுவியா?"

"இனிமே மாட்டேங்க."

"அந்தச் சிரிப்பும் அவரு சொன்னதுதானா?"

மாமா தலை குனிந்தார். "அது நானே சேத்ததுங்க."

கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. ஆட்டுக்கறியோடு ஊருக்குச் சாமைச் சோறு என்று தீர்ப்பானது. மாமா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பாஞ்சாலை அக்கா மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

திருவிழாவில் மாமா அம்மனைத் தோளில் ஏற்றியபோது முதல் கற்பூரம் காட்டியவளும் அவள்தான். அவர் அழுதார். நானும் அழுதேன், அதில் எனக்கென்ன வெட்கம்.

அடுத்த வாரமே டைரக்டர் போன் செய்தார். இரண்டாம் பாகம் எடுக்கிறாராம். மாமா நிம்மதியாக வந்து பாஞ்சாலை அக்காவிடம் சொன்னார்: "இந்தத் தபா கடைசில போலீஸு புடிச்சிடுமாம்க்கா."

அவள் முறைத்தாள். "புடிச்சா நீ ஜெயில்ல துன்னுவ. ஊருக்கு ஆரு சோறு போடுவா? டைரக்டர்கிட்ட பேசி, தப்பிச்சி வூடு வந்து சேரு."