தமிழ் வேண்டாம், டெனிஷில் கேளுங்கள்

டென்மார்க்கில் வரும்போது 'ஹாய்' என்பார்கள், போகும்போது 'ஹாய் ஹாய்' என்பார்கள். ஒரு தடவை சொன்னால் வந்திருக்கிறார்கள், இரண்டு தடவை சொன்னால் போகிறார்கள். ஹேர்னிங் நகரில் இத்தனை காலம் இருந்தும் எனக்கு இது முழுதாகப் பழகவில்லை. 'போட்டு வாறன்' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு, திரும்பி வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போவது ஒரு குறையாகத்தான் படுகிறது. அதிலும் இணையவழி வகுப்பு முடிகிற நேரத்தைப் பார்க்க வேண்டும். எல்லோரும் அனுபவமுள்ள தாதியர், வளர்ந்த மனிதர்கள். பாலர் வகுப்புப் பிள்ளைகளைப் போல இரண்டு கையையும் ஆட்டி 'ஹாய் ஹாய்' சொல்லிவிட்டு ஒவ்வொருவராக மறைவார்கள். கடைசியில் திரையில் என் முகம் மட்டும் மிஞ்சும். வகுப்பு விட்டதும் கதிரைகளை இழுத்து, பையைத் தேடி, வாசலில் நின்று நாலு கதை கதைத்துவிட்டுப் போகிற அந்தச் சில நிமிடங்கள் இந்தப் படிப்பில் கிடையாது. பொத்தானை அமத்தினால் வீடு வந்துவிடும். வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

மனநலத் தாதியருக்கான மேற்படிப்பு அது. முடித்தால் நோயாளியை நானே இருத்திவைத்துக் கேட்டு, நிலைமையை மதிப்பிட்டு, மருத்துவரோடு சேர்ந்து சிகிச்சையைத் தீர்மானிக்கலாம். பாடம், பரீட்சை, செய்முறைப் பயிற்சி எல்லாமே கணினி வழியாகத்தான். மகள் படிக்கிறதற்கென்று கோப்பன்ஹேகன் போனபிறகு அவளுடைய அறை என் வகுப்பறையாயிற்று. அவள் தொலைபேசியில் அழைக்கும்போது நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்லுவாள், அழைப்பு முடிந்துவிடும். கணவருக்குப் பக்கத்து ஊர் இக்காஸ்ட்டில் ஒரு தொழிற்சாலையில் பின்னேர வேலை. நான் வார்ட்டிலிருந்து வரும்போது அவர் போயிருப்பார், அவர் வரும்போது நான் படுத்திருப்பேன். நான் சோற்றை மூடி வைப்பதும் அவர் கோப்பையைக் கழுவி வைப்பதும்தான் எங்கள் பேச்சுவார்த்தை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை பிடிக்கவும் ஆளை நேரில் காண வேண்டுமே.

இந்த வயதில் ஏன் படிப்பு என்று பலரும் கேட்டார்கள். என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. எங்கள் ஆட்கள் இந்த நாட்டில் மனம் உடைந்து மருத்துவரிடம் போனால் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வருவார். 'ஒரே யோசினையா இருக்கு' என்று ஒரு மனிதர் சொல்ல, 'இவர் நிறையச் சிந்திக்கிறார்' என்று அது டெனிஷில் போனதை நானே கேட்டிருக்கிறேன். மருத்துவர் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். எங்கள் ஊர்த் தமிழில் யோசினை என்றால் மனதை அரிக்கிற கவலை என்று அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஆட்களை எங்கள் மொழியில் கேட்க ஒருத்தி வேண்டும், அந்த ஒருத்தி நான்தான் என்று எனக்குள் கொஞ்சம் எடுப்பும் இருந்தது.

இரண்டாம் பருவத்தில் கேள்வி கேட்கப் பழக்கினார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் தாதி, மற்றவர் நோயாளி. நோயாளியின் கதையைக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு வாய்த்த வேடம், பன்றிப் பண்ணையை விற்றுவிட்டு ஓய்வுபெற்ற ஒரு கமக்காரர். என்னுடைய தாதி மெட்டெ, வடக்கே ஒரு மீன்பிடி ஊர்க்காரி. நான் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு பன்றிகளைப் பற்றி ஏதோ அளந்தேன். மெட்டெ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேலை முடிந்து வீட்டுக்குள் வந்தபிறகு யாரோடு பேசுவீர்கள்?" என்றாள்.

யாரோடும் இல்லை என்றேன். சமைக்கும்போது நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன், இப்போது வெங்காயம் வெட்டுகிறேன், இப்போது அடுப்பைக் குறைக்கிறேன் என்று. இல்லாவிட்டால் அடுத்த நாள் காலையில் தொண்டை திறக்காது. நான் "யாய் எர் என்சொம்" என்றேன். நான் தனிமையில் இருக்கிறேன் என்று அர்த்தம். கமக்காரர் எப்போது எழும்பிப் போனார் என்று எனக்குத் தெரியாது.

மெட்டெயின் கண் கலங்கியிருந்தது. அடுத்த கணம் கைதட்டினாள். "நீ நன்றாக நடிக்கிறாய்" என்றாள். ஆசிரியர் கிர்ஸ்டனும் பாராட்டினார், ஓய்வுபெற்ற கமக்காரர் இவ்வளவு வெங்காயம் வெட்டுவாரா என்பது மட்டும்தான் அவருடைய சந்தேகம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு 'ஹாய் ஹாய்'. மறுபடி என் முகம். அன்றைக்குப்போல நான் அழுதது குறைவு.

சொல்லிப் பார்த்த சுகம் ஒன்று இருக்கிறதே, அது விடவில்லை. அந்த ஞாயிறு யாழ்ப்பாணத்திலிருக்கும் தங்கச்சியிடம் தமிழிலும் சொல்லிப் பார்த்தேன்.

"நான் இஞ்சை தனியத்தான் இருக்கிறன், தெரியுமோ?"

"தனியவோ? அத்தான் எங்கை?"

"அவர் வேலைக்கு. நான் அதைச் சொல்லேல்லை..."

"எத்தினை நாளா இப்பிடி? ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

அவள் எதை விளங்கிக்கொண்டாள் என்பது எனக்கு விளங்க முன்னமே லண்டனிலிருந்து மாமி தொலைபேசி எடுத்தா. "பொம்பிளையள்தான் கொஞ்சம் பொறுத்துப் போகவேணும் பிள்ளை" என்றா. பொழுதுபடமுன் கனடாவிலிருந்து சின்னண்ணை, என் கணவருக்கே எடுத்து, அவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்தார். மனுசன் வேலைத்தளத்தில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தான் மனைவியை விட்டுப் போகவில்லை என்று சத்தியம் பண்ணவேண்டி வந்தது. அதற்குப் பிறகு நான் தமிழில் எல்லோருக்கும் சுகமாகவே இருந்தேன்.

யோசித்துப் பார்த்தால் இதில் தங்கச்சியின் பிழை ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் நான் பயிற்சித் தாதியாக நின்ற ஆஸ்பத்திரி வார்ட்டில் தனிமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஒரு கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பம் நிற்கும். நோயாளியிடம் கேட்டால் மாமியார் பதில் சொல்லுவார், மாமியார் விட்டதைப் புருசன் சொல்லுவார், அடுத்த கட்டில்காரி திருத்தம் சொல்லுவாள். பேசாமல் படுத்திருந்த பெண்கள் நெஞ்சு எரியுது என்பார்கள், தலை அம்மல், பாரமாக் கிடக்கு என்பார்கள். அதற்கு மேலே ஒரு சொல் வராது. அத்தனை காதுகளுக்கு நடுவில் எப்படி வரும்? அன்றைக்கு அதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன். அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கும் நான் தமிழில் வாயைத் திறந்தால், வெறும் அறையிலும் பக்கத்தில் நாலு பேர் நிற்பது போலவே இருக்கிறது.

இனி ராணியின் கதை. அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரையும் வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். செய்முறைப் பயிற்சிக்காகக் காணொளி வழியே நான் பார்க்கவேண்டிய நோயாளிகளில் ஒருவராக அவர் வந்தார். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று தன் குடும்ப மருத்துவரிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டபோது மட்டும் 'எல்லாம் நல்லம்' என்றே சொல்லிவந்திருக்கிறார். இந்தத் தடவையும் அப்படியே சொன்னால் அவருடைய மருத்துவக் கோவையை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த நினைப்போடு அவர் வீட்டில் தனியே இருப்பார். "நீ தமிழ் பேசுவாய், அதிர்ஷ்டம்" என்றார் என்னை மேற்பார்வை செய்த கிர்ஸ்டன். எனக்கும் அப்படித்தான் பட்டது. இதற்காகத்தானே படித்தேன்.

திரை திறந்தது. என்னைவிட இளம் பெண். "வணக்கம் ராணி, எப்பிடி இருக்கிறியள்?" என்றேன்.

அவருடைய முகம் இறுகியது. கைத்தொலைபேசி திரும்ப, எனக்குச் சமையலறை அலுமாரியின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. அதற்குப் பின்னாலிருந்து டெனிஷில் குரல் வந்தது. "இக்கெ தமில், தாக்." தமிழ் வேண்டாம், நன்றி.

எனக்குச் சுள்ளென்று இருந்தது. என்னிடம் சொல்லுவது வெளியே போகாது, சட்டப்படி நான் வாய் திறக்க முடியாது என்று தமிழிலேயே தாழ்மையாகச் சொன்னேன். அலுமாரி பேசவில்லை. வேறு தாதி வேண்டுமா என்று கேட்டேன். மெல்லமாக, "போன முறை ரெலிபோனிலை மொழிபெயர்க்க வந்தவர் எங்கட அவருக்குச் சொந்தம்" என்றார். அது தமிழில் வந்தது. பிறகு, "டெனிஷிலை கேளுங்கோ" என்றார். தங்கச்சி, லண்டன் மாமி, கனடாச் சின்னண்ணை எல்லோரும் என் கண் முன்னே வந்து நின்றார்கள். நான் டெனிஷுக்கு மாறினேன்.

அவருடைய டெனிஷ் துப்புரவு வேலையில் பொறுக்கிய டெனிஷ். இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒன்றுக்குள் ஒன்று கிடக்கும். என்னுடையதும் ஒன்றும் திறமில்லை, உச்சரிப்பில் இன்னும் கல் கடிபடும். நீ, நீங்கள் என்று மரியாதை பார்க்காத மொழி அது, பேராசிரியருக்கும் 'டு', பிள்ளைக்கும் 'டு'. அதில் அவருக்கு நான் அக்கா இல்லை, எந்த ஊர் அக்கா என்ற கேள்வியும் இல்லை. இரண்டாம் கிழமைச் சந்திப்பில் நான் படித்தபடி நேராகவே கேட்டேன்: சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா? தமிழில் என் நாக்கு இந்த இடத்தில் பத்துத் தடவை சுற்றிப் போயிருக்கும். அவரும் சுற்றவில்லை. "ஆம். காலையில். எல்லோரும் போகிறார்கள், கதவு மூடுகிறது, அப்போது" என்றார். இலக்கணம் இல்லாத மூன்று துண்டு. அலுமாரியின் மூலையைப் பார்த்தபடி நான் கேட்டுக்கொண்டே போனேன், அவர் சொல்லிக்கொண்டே போனார். கோவை மூடப்படவில்லை. மருத்துவர் வந்தார், மருந்து வந்தது, காலையில் அழைக்க ஓர் எண் கொடுத்தோம். வியாழன்தோறும் நான். நாலாம் கிழமையோ என்னவோ கைத்தொலைபேசி திரும்பி முகம் வந்தது. ஆனால் மொழி மாறவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருவர், ஒருவருக்கொருவர் அரைகுறை டெனிஷில். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பகிடியாகத்தான் இருக்கும். எனக்கு அந்த அரைமணி நேரம் கிழமையில் மிஞ்சிய நேரத்தைவிடப் பெரிதாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

இதற்கிடையில் ஒரு சனிக்கிழமை இக்காஸ்ட்டில் பிறந்தநாள் விழா. மண்டபம் நிறையச் சனம். அன்றைக்குக் கணவரும் கூட இருந்தார். விழாக்காரருக்கு உதவியாகப் பந்தி பார்த்துக்கொண்டிருந்த சிவா அண்ணை கையைப் பிடிக்காத குறையாக என்னைக் கூட்டிக்கொண்டு போய், பட்டுச் சேலையில் நின்ற ஒரு பெண்ணுக்கு முன்னால் நிறுத்தினார். ராணி.

"ரெண்டு பேரும் ஹேர்னிங் பக்கம்தானே, தெரியாதோ?"

வெளியில் கண்டால் நோயாளி காட்டிக்கொள்ளாதவரை நாங்களும் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது படித்த பாடம். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"இல்லை அண்ணை, இண்டைக்குத்தான் காணுறன்" என்றார் ராணி. குரல் கலகலவென்று இருந்தது. எனக்குத் தெரிந்த குரல் அது இல்லை. "எப்பிடி அக்கா, சுகமோ?"

"ஓம், நல்ல சுகம். நீங்கள்?"

"எனக்கென்ன அக்கா, ஒரு குறையும் இல்லை. சந்தோசமா இருக்கிறன்."

"இவவுக்கும் என்ன குறை, மகள் கோப்பன்ஹேகனிலை படிக்கிறா" என்று என்னைக் காட்டிச் சிவா அண்ணை எடுத்துக்கொடுத்தார். "ஓம், எங்களுக்கும் ஒரு குறையும் இல்லை" என்று நானும் முடித்துவைத்தேன். மூன்று பேரும் சிரித்தோம். பிறகு ராணியின் கணவர் வந்தார், என் கணவர் வந்தார், யார் எந்த ஊர் என்று பேச்சு எழும்பியது. அவ்வளவு தமிழ் காதில் விழுந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அதற்குள் நான் நின்றேன், வீட்டு அறையில் நிற்பதைவிடத் தனியாக.

வியாழன் திரை திறந்தது. ராணி ஹாய் சொல்லவில்லை. என்னை நேரே பார்த்து டெனிஷில், "சனிக்கிழமை நான் பொய் சொன்னேன்" என்றார்.

இந்த இடத்தில் என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதைப் பற்றி மேலும் சொல்லுங்கள் என்று கேட்கவேண்டும். தாதி தன் கதையை நடுவில் கொண்டுவரக் கூடாது. எனக்கு அந்த வாக்கியம் நன்றாகப் பாடம். வாயைத் திறந்தபோது வேறொன்றுதான் வந்தது.

"யாய் ஒஸெ" என்றேன். நானும்தான்.

ராணி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, எனக்கும் அதே நிலைதான். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி பேசாமல் இருந்தோம். எந்த மொழியில் பேசாமல் இருந்தோம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.