எல்லார் நடையும் நடக்கும் லைட்டக்கா

ஒரு தோளைச் சாய்த்து, இடது காலை லேசாக இழுத்து, அந்த மாடியில் குடியிருக்கும் தையல்காரரைப் போலவே காரிடாரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போகிறாள் லைட்டக்கா. தலைக்கு மேல் விளக்கு பளிச்சென்று எரிகிறது. திரும்பி வரும்போது அவள் பஸ் டிரைவர். வயிறு முன்னால், கைகள் பின்னால், வண்டியை விட்டு இறங்கி வந்த அலுப்பில் சுவரை உரசிக்கொண்டு வருகிறாள். விளக்கு எரிகிறது. அடுத்தது கைக்குழந்தை. நாற்பதைத் தாண்டிய பெண், ஆண் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டுக்கொண்டு, தரையில் முட்டி போட்டுத் தவழ்கிறாள். விளக்கு எரியவில்லை.

"பாத்தீங்களா, பாப்பான்னா இளக்காரம்" என்று எழுந்து, ஏணியில் ஏறி, சென்சாரின் அடியில் இருக்கும் குட்டித் திருகை நகத்தால் ஒரு மயிரிழை நகர்த்துகிறாள். இறங்கி மறுபடி தவழ்கிறாள். இந்தத் தடவை எரிகிறது. கதவோரம் நின்று வேடிக்கை பார்க்கும் என் குடித்தனக்காரர்கள் கை தட்டுகிறார்கள். அவள் தரையிலிருந்தே ஒரு கும்பிடு போடுகிறாள்.

ஆள் நடந்தால் தானாக எரிகிற விளக்கும், கரண்ட் போனால் தானாக எரிகிற விளக்கும் மாட்டுவது அவள் தொழில். மாட்டிவிட்டுப் போகிற ஆட்கள் நிறைய உண்டு. மாட்டிய பிறகு அந்தக் கட்டடத்தில் யார் யார் நடக்கிறார்களோ அத்தனை பேராகவும் நடந்து பார்க்கிற ஆள் இவள் ஒருத்திதான். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சாந்துச் சட்டி சுமந்து ஆரம்பித்து, பன்னிரண்டு குடித்தனம் உள்ள மூன்று மாடிக் கட்டடத்தை எழுப்பியவன் நான். பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்தது ஒரு கையெழுத்தும் கொஞ்சம் கணக்கும். மீதி எல்லாம் நானே சேர்த்தது. வேலை செய்கிற கை எது, வேலை செய்வதுபோல் காட்டுகிற கை எது என்று நான் பிரித்துவிடுவேன்.

அவள் பேச்சில் பாதி ஸ்க்ரூவுக்கு நடுவே புகுந்துதான் வெளியே வரும். நாலைந்து ஸ்க்ரூவை உதட்டில் கவ்விக்கொண்டுதான் ஏணியில் கால் வைப்பாள். அந்த வாயோடு சிரிப்பாள், பாடுவாள், திட்டவும் செய்வாள். முன்கையில் கறுப்பு டேப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து வளையல் அடுக்கிய மாதிரி ஒட்டி வைத்திருப்பாள். சென்சாரின் கண் எந்தப் பக்கம் பார்க்க வேண்டாமோ, அந்தப் பக்கத்தில் ஒரு துண்டு ஏறிவிடும். படிக்கட்டுப் பூனைக்கு ஒன்று. தையல்காரர் வீட்டு வாசலுக்கு ஒன்று. "அவங்க வீட்டு விஷயம் உனக்கெதுக்கு? உன் வேலை காரிடாரோட சரி" என்று சென்சாரை அதட்டிக்கொண்டே ஒட்டுவாள்.

அவளை நான் கூப்பிட்டது என் அக்காவுக்காக.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். இரண்டாவது மாடியில் காரிடாரின் ஒரு கோடியில் அவள் அறை. மறுகோடியில் எல்லாருக்கும் பொதுவாக நான் கட்டி விட்டிருக்கிற அறை. சாயங்காலமானால் அங்கே சீட்டாட்டம் நடக்கும். அக்கா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கம்பவுண்டர், பஸ் டிரைவரின் மாமியார், மூன்று பேர். ஜெயிப்பது அக்காதான். மற்ற இரண்டு பேரும் தோற்பதற்கென்றே மறுநாளும் வருவார்கள். தோற்றவர்களை அக்கா கிண்டல் செய்வதைக் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகும் நாலு கால் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள்.

காரிடாருக்கு ஜன்னல் கிடையாது. அந்த மனையின் அகலத்துக்குப் பன்னிரண்டு வீடு எழுப்பிக் காட்டியதே பெரிது, ஜன்னலுக்கு எங்கே போவது? பகலிலும் இருட்டுத்தான். அதற்காகக் கடையில் இருந்ததிலேயே விலை கூடின சென்சார் லைட்டை வாங்கி என் கையாலேயே மாட்டியிருந்தேன். ஒரு நாள் அக்கா பாதி வழியில் மூச்சு வாங்க நின்றாள். விளக்கு அணைந்துவிட்டது. கையை ஆட்ட வாக்கரை விட வேண்டும், விட்டால் விழுவாள். இரண்டடி நகர்ந்து பார்த்தாள். எரியவில்லை. சுவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல், தையல்காரர் தற்செயலாகக் கதவைத் திறக்கும் வரைக்கும் அந்த இருட்டில் அப்படியே நின்றிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அறையை விட்டு வரவில்லை. "சீட்டு அலுத்துப்போச்சுடா தம்பி" என்றாள். சீட்டு அலுக்கிற ஆளா அவள்? பயந்துவிட்டாள். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கம்பவுண்டரும் டிரைவரின் மாமியாரும் இரண்டு பேராக ஆடிப் பார்த்துவிட்டு, திட்ட ஆளில்லாமல் சீட்டுக்கட்டைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டார்கள். அக்கா மறுபடி அந்த வாசலைத் தாண்டுவாளா மாட்டாளா என்பது ஒன்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

முதல் நாள் வந்த லைட்டக்கா ஏணியை இறக்கி வைக்காமலே, காரிடாரின் கடைசிச் சுவரில் நான் மாட்டியிருந்த விளக்கை அண்ணாந்து பார்த்தாள்.

"யாரு மாட்டினது?"

"நான்தான். என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல முதலாளி. சட்டம் போட்ட படம் மாதிரி ஜம்முனு இருக்கு. வேலைதான் செய்யாது."

பிறகு சொன்னாள்: "இதுக்கு ஆளைத் தெரியாதுங்க. உடம்புச் சூடு நகர்றது மட்டும்தான் தெரியும். குறுக்கே போனா டக்குனு பிடிச்சுக்கும். நேரா இதைப் பாத்தே நடந்து வந்தா, மூக்குக்குக் கிட்ட வர்ற வரைக்கும் தூங்கும். உங்க அக்கா, அந்தப் பெரியம்மா மாதிரி மெல்ல வர்றவங்கன்னா கேக்கவே வேணாம்."

"இந்தக் கட்டடத்துலயே நூல் பிடிச்ச மாதிரி இருக்கிற சுவர் அதுதான். அங்க மாட்டினாத்தான் படியேறி வர்றவன் கண்ணுல படும்" என்றேன்.

"அவன் கண்ணுல அது படுது, சரி. அது கண்ணுல பெரியம்மா படணுமே?"

கழற்றிவிட்டாள். பக்கச் சுவரில் இரண்டு இடத்தில், நடக்கிறவர்கள் குறுக்கே கடந்து போகிற மாதிரி, அதையும் புதிதாக ஒன்றையும் மாட்டினாள். எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று வைக்கிற திருகைப் பார்த்ததும் ஸ்க்ரூவையெல்லாம் உள்ளங்கையில் துப்பிவிட்டு, "இதை இவ்வளவு கஞ்சத்தனமா வச்ச புண்ணியவான் யாரு?" என்றாள்.

"அதுவும் நான்தான். சிக்கனம் இல்லாமலா இந்தக் கட்டடம் எழும்புச்சு?"

"கட்டடம்தான் எழும்பிடுச்சே. இனிமே கொஞ்சம் எரியட்டும் விடுங்க" என்று திருகைக் கடைசி வரைக்கும் திருப்பினாள்.

பிறகு எமர்ஜென்சி லைட். காரிடாரின் இரண்டு கோடியிலும் ஒவ்வொன்று, பொது அறைக்குள் ஒன்று. ஸ்விட்ச் எங்கே என்று கேட்டேன்.

"கிடையாது. நீங்க படுக்கப் போறதுக்கு முன்னாடி மாடி மாடியா ஏறி எல்லா ஸ்விட்சையும் அமத்திட்டு வருவீங்களாமே? டிரைவரு சொன்னாரு. இதை அமத்தினீங்கன்னா, கரண்ட் போயிடுச்சு போலன்னு நெனச்சுக்கிட்டு விடிய விடிய பேட்டரியில எரிஞ்சு தீத்துடும். நெஜமா கரண்ட் போறப்ப பல்லைக் காட்டும். அதான் உங்க கைக்கு எட்டாம வயரை மெயின்லேருந்து நேரா இழுத்துட்டேன். இன்னிக்கு பூரா சார்ஜ் ஏறட்டும். நாளைக்கு வந்து நடக்கறேன்."

அந்த மறுநாள்தான் அவள் தையல்காரராகவும் டிரைவராகவும் குழந்தையாகவும் நடந்தது. நானாகவும் நடந்தாள். நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நின்று, வாடகைக்கு விட்ட சுவரை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனாள். டிரைவரின் மாமியார் சிரித்ததில் புரையேறிவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. நடை கம்பீரமாகத்தான் இருந்தது.

எல்லாரும் ஆயிற்று. அக்கா பாக்கி.

"நீயே ஒரு தடவை மெல்ல நடந்துட்டு முடிச்சுடேன்" என்றேன்.

"அது ஆகாது முதலாளி. யாருக்காக மாட்டினதோ அவங்க நடந்து எரியணும். அது வரைக்கும் என் வாயால வேலை முடிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன்."

அக்காவின் அறைக்குள் போனாள். நான் வாசலிலேயே நின்றேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்கு எதுக்கு விளக்கு? நான் எங்க போகப் போறேன்?" என்றாள். லைட்டக்கா "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க பெரியம்மா" என்றாள். அக்கா எழுந்து, வாக்கரைத் தள்ளிக்கொண்டு மேஜை வரைக்கும் போய்த் தண்ணீர் ஊற்றினாள். லைட்டக்கா கண் கொட்டாமல் அந்தக் காலையும் தோளையும் பார்த்தாள். தண்ணீரைக் குடித்தாள், டம்ளரை வைத்தாள், வந்துவிட்டாள். நடக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காரிடாரில் ஒரு நாற்காலியை முன்னால் போட்டுத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். முதுகை இரண்டாக மடித்து, தலையைத் தொங்கப் போட்டு, அடிக்கொரு தரம் "அம்மாடி, அப்பாடி" என்று முனகிக்கொண்டு போனாள். கம்பவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அங்க என்னடி சத்தம்?" அக்காவின் குரல்.

"ஒண்ணுமில்ல பெரியம்மா. உங்க நடையைப் போட்டுப் பாக்கறேன்."

வாக்கர் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டது. அக்காவின் தலை கதவுக்கு வெளியே வந்தது.

"ஏண்டி, நான் அப்படியா வில்லு மாதிரி வளைஞ்சு நடக்கிறேன்?"

"இதைவிட மோசம்தான். மரியாதைக்குக் கொஞ்சம் கொறைச்சிருக்கேன்."

எங்கள் குடும்பத்தில் யாரையும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். குனிந்து நடக்கிறார்கள் என்று மட்டும் சொல்லக் கூடாது.

"தள்ளுடி நாற்காலியை! நடக்கத் தெரியாதவ எல்லாம் என் நடையை நடக்க வந்துட்டா!"

வாக்கரின் முன்கால் இரண்டும் வாசலைத் தாண்டின. பிறகு அக்கா தாண்டினாள். முதுகு நேராக இருந்தது. முதல் விளக்கு எரிந்தது. பக்கத்தில் போய் நிற்க நான் ஓரடி வைத்தேன். லைட்டக்கா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"போகாதீங்க. நீங்க போனா உங்களைப் பாத்து எரியும். அவங்களைப் பாத்துதான் எரியுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எல்லாரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டோம். பாதி வழியில், முன்பு நின்ற அதே இடத்தில், அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நின்றாள். வாக்கரைப் பிடித்திருந்த விரல்கள் இறுகுவது எனக்குத் தெரிந்தது. விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அக்கா மெல்லத் தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள். நன்றாக மூச்சு வாங்கி முடித்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"மெயினை அமத்துடி."

"அக்கா, அதெல்லாம் வேணாம்" என்றேன்.

"நீ சும்மா இருடா. கரண்ட் போகாத ஊருலயா இருக்கோம்? இவ மாட்டினது அப்ப எரியுமான்னு நான் பாக்கணும்."

"நெஜமாவா பெரியம்மா?"

"எத்தனை தடவை சொல்லணும்?"

லைட்டக்கா படிக்கட்டு மூலைக்குப் போய் அந்த மாடியின் மெயினைக் கீழே இழுத்தாள். இருட்டு. டிக்கென்று ஒரு சத்தம். காரிடாரின் இரண்டு கோடியிலும் வெள்ளையாக வெளிச்சம் எழுந்து, அக்காவின் நிழல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று நீளமாக விழுந்தது. அக்கா "ம்" என்றாள். அவ்வளவுதான். வாக்கர் டக் டக்கென்று முன்னே போனது. பொது அறைக்குள் நுழைந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, "எங்கே அந்தக் கம்பவுண்டர்? சீட்டை எடுக்கச் சொல்லு" என்றாள். அந்த மனுஷன் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடினார்.

அதற்குள் டிரைவர் வீட்டுக்குள்ளிருந்து, "ஃபேன் நின்னு போச்சு! மெயினைப் போடுங்க!" என்று சத்தம் வந்தது. நான் மெயினிடம் போனேன். லைட்டக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாதீங்க. இந்த லைட்டு மூணு மணி நேரம் தாங்கணும். தாங்குதான்னு பாத்துட்டுத்தான் நான் கெளம்புவேன்."

"மூணு மணி நேரமா?" என்றார் டிரைவர்.

"பனியனோட வெளிய வந்து உக்காருங்கண்ணே, காத்து வரும்!"

அக்கா உள்ளிருந்து கூப்பிட்டாள். "அது வரைக்கும் ஏணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கப் போறியா? இங்க வந்து உக்காரு. நாலு பேருன்னா ஆட்டம் நல்லா இருக்கும்."

"எனக்கு ஆடத் தெரியாது பெரியம்மா."

"தோக்கத் தெரியுமில்ல?"

லைட்டக்கா வாய்விட்டுச் சிரித்தாள். இடுப்பில் கட்டியிருந்த சாமான் பையின் பட்டையை அவிழ்த்து, ஸ்க்ரூ டிரைவரும் குறடும் சத்தம் போடாமல் பையை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, சீட்டுக்காக அக்கா முன்னால் நீட்டினாள்.