யோகராணி சோறு போட்ட சீசன்

என் மனைவி யோகராணிக்கு வெறும் தட்டைக் கண்டால் ஆகாது. சாப்பிடுகிறவர் கடைசிக் கவளத்தை வாயில் வைப்பதற்குள் அடுத்த அகப்பைச் சோறு தட்டில் விழுந்துவிடும். பருத்தித்துறையில் ஆறு ஆண் சகோதரங்களுக்கு நடுவே வளர்ந்தவள். பரிமாறும் கை அப்படிப் பழகிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் மெல்பேணுக்கு வந்து, ஆஸ்பத்திரி ஒன்றில் தட்டச்சு வேலை பார்த்து, நாள் முழுக்க ஆங்கிலத்தில் கடிதம் அடித்துத் தள்ளியும் அந்தக் கை மாறவில்லை. எங்கள் கிளேட்டன் வீட்டில் சாப்பிட்ட எவரும் பெல்ட்டைத் தளர்த்தாமல் எழுந்ததில்லை. அந்தக் கையால் ஒருவனுடைய பிழைப்பே போகப் பார்த்தது. அதைப் பற்றிப் பேச அவள் இன்றைக்கும் என்னை விடுவதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

எழுபத்தொன்பதில்தான் அவுஸ்திரேலியா முழுவதற்குமான கூடைப்பந்து லீக் முதன்முறையாகத் தொடங்கியது. நான் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட உதவியாளன். உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். யாழ்ப்பாணத்தில் பள்ளி அணியில் மூன்று வருடமும் களத்தில் இறங்காமல் ஓரத்து வாங்கில் உட்கார்ந்தே ஆட்டத்தைப் படித்தவன். அதனால் எங்கள் பகுதிக் கிளப்பில் ஓர மேசையில் உட்கார்ந்து புள்ளி எழுதும் வேலை கிடைத்தது. அணியில் மெல்பேண் பையன்கள், ஒரு கிரேக்கன், தகப்பன் லித்துவேனியாவிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர். இவர்களோடு அமெரிக்காவிலிருந்து சம்பளத்துக்குக் கூட்டிவந்த டேரல், ஆறடி எட்டங்குலம். மற்றவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆடுகிறவர்கள். டேரலுக்கு ஆட்டம்தான் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் அலபாமாவில் அவன் தாயும் நான்கு தங்கைகளும் சாப்பிட்டார்கள்.

அவனை யாராவது வீட்டில் தங்கவைக்க முடியுமா என்று கிளப்பில் கேட்டார்கள். எங்களிடம் ஓர் அறை சும்மா கிடந்தது. கட்டிலின் நீளம் அவனுக்குப் போதவில்லை. கால்மாட்டில் அவனுடைய சூட்கேஸை வைத்து அதன்மேல் தலையணை போட்டோம்.

முதல் நாள் மாலை புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். டேரல் ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டான். யோகராணி போட்டாள். அவன் சாப்பிட்டான். மறுபடியும் போட்டாள்.

“பாவம், சரியான பசியில வந்திருக்குது பிள்ளை,” என்றாள் குசினிக்குள் அடுப்படியில் என்னிடம்.

எங்கள் ஆட்களிடையே போதும் என்றால் தட்டுக்கு மேலே கையைக் குறுக்கே வைத்து மறிக்க வேண்டும். வாயால் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வேண்டாம் என்பது விருந்தாளியின் மரியாதை. விடாமல் போடுவது வீட்டுக்காரியின் மரியாதை. டேரலின் வீட்டிலோ தட்டில் மிச்சம் வைத்தால் தாயின் கை முதுகில் விழும். இவள் போடுவதை நிறுத்தட்டும் என்று அவன் காத்திருந்தான். அவன் சாப்பிடுவதை நிறுத்தட்டும் என்று இவள் காத்திருந்தாள். நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு என் பங்கைச் சாப்பிட்டேன், மடையன்.

இரண்டு மாதம் இப்படியே போனது. டேரல் ஆட்டத்தின் பின்பாதியில் மூச்சு வாங்கத் தொடங்கினான். என் தாளில் அவன் பெயருக்கு நேரே புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன. ஏப்ரல் கடைசியில் பயிற்சியாளர் என்னை ஓரமாக அழைத்தார். வந்தபோது தொண்ணூற்றேழு கிலோ, இப்போது நூற்றாறு என்றார். மே பதினேழாம் திகதி நிறுத்துப் பார்க்கும்போது நூற்றுக்குக் கீழே இல்லாவிட்டால் திரும்பிப் போக டிக்கெட், வேறு ஆள் வருவான். டேரலிடமும் சொல்லியாகிவிட்டது என்றார்.

வீட்டுக்கு வந்து யோகராணியிடம் சொன்னேன். அப்படியே குசினிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நானெல்லோ அந்தப் பிள்ளையின்ர வேலையைக் கெடுத்துப்போட்டன்! நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதே?”

பழியில் பாதி என் தலையில் விழுந்தது. நியாயம்தான்.

அன்று மாலை ஒரே ஒரு தரம் சோறு போட்டுவிட்டுக் குசினிக்குள் போனவள் வெளியே வரவில்லை. டேரல் வெறும் தட்டோடு கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு எழுந்து அறைக்குப் போனான். கட்டிலின் கால்மாட்டிலிருந்து சூட்கேஸை இழுக்கும் சத்தம் கேட்டது. யோகராணி ஓடினாள், பின்னால் நானும்.

அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். “மிஸிஸ் யோகா, உங்களுக்கு என்மேல் கோபம். நாளைக்கே வேறு இடம் பார்க்கிறேன்,” என்றான் ஆங்கிலத்தில்.

“கோபமில்லை,” என்றாள் அவளும் ஆங்கிலத்தில், அழுதபடி. “நிறையப் போட்டு உன்னைக் கெடுத்துவிட்டேன். போதும் என்று நீ ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?”

“சொன்னேனே. முதல் நாளே நாலு தரம் சொன்னேன்.”

யோகராணி என்னைப் பார்த்தாள். உண்மைதான், சொன்னான். எவ்வளவு மரியாதை தெரிந்த பையன் என்று அன்று இரண்டு பேருமே மெச்சிக்கொண்டோம்.

நான் சாப்பாட்டு மேசைக்குப் போய் அவனுடைய தட்டை எடுத்துவந்து, கையைக் குறுக்கே வைத்து மறிப்பது எப்படி என்று காட்டினேன். டேரலும் வைத்துப் பார்த்தான். அவன் கைக்குக் கீழே தட்டே தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். சூட்கேஸ் திரும்பக் கால்மாட்டுக்குப் போனது.

அடுத்த மூன்று வாரமும் வீட்டில் தேங்காய்ப்பால் இல்லை, பொரியல் இல்லை. ஓர் அகப்பைச் சோறு, அவித்த மரக்கறி, மீன். விடியற்காலையில் டேரல் பக்கத்து ஊரான ஸ்பிரிங்வேல் வரைக்கும் ஓடித் திரும்பினான். நாய் துரத்தும், கால் சுளுக்கும் என்று பயந்து யோகராணி பின்னாலேயே எங்கள் பழைய காரை உருட்டிக்கொண்டு போனாள். அவன் எடை இறங்கியதோ இல்லையோ, கவலையில் இவள் இரண்டு கிலோ இறங்கிவிட்டாள். அவன் மெலிந்துகொண்டு வருவதைப் பார்க்க அவளுக்கு மனம் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டாம் தரம் அகப்பையை எடுக்கவில்லை.

மே பதினேழு, வியாழக்கிழமை. யோகராணி அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தாள். கிளப்பில் டேரல் தராசில் ஏறினான். முள் ஆடி ஆடி நின்றது. தொண்ணூற்றொன்பதரை. பயிற்சியாளர் அவன் முதுகில் தட்டி, சீசன் முடியும்வரை நீதான் என்றார்.

நான் உடனே வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் ரிசீவர் எதிலோ இடிபடும் சத்தம்தான் கேட்டது.

“யோகா, கேக்குதே?”

“ஓம், கேக்குது. என்ர பிள்ளையாரே! இனித்தான் எனக்கு ஒரு வாய் தண்ணி இறங்கும்,” என்று விம்மினாள். எனக்கும் மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் அப்போதுதான் இறங்கியது.

அந்த சீசனில் கிண்ணத்தை வேறு யாரோ கொண்டுபோனார்கள். டேரல் கடைசி ஆட்டம்வரை ஆடினான், எனக்கு அது போதும்.

எடை பார்த்த அந்த வியாழன் மாலை மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். மூன்று வாரம் கழித்து ஆட்டிறைச்சிக் கறி. டேரல் தட்டை வழித்து முடித்தான். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்து யோகராணி அகப்பையோடு அவன் பக்கம் போனாள். அந்தப் பெரிய கை வந்து தட்டை மறித்தது.

“போதும்,” என்றான் தமிழில்.

அவள் சாப்பாட்டை ஒருவர் மறித்து, அதற்காக அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அகப்பையில் இருந்த சோற்றை அப்படியே கொண்டுவந்து என் தட்டில் போட்டாள். நிம்மதியில் எனக்குக் கையைக் குறுக்கே வைத்து மறிக்கத் தோன்றவில்லை.